தைலமரத்துக்கு ஒரு பலகை, முந்திரிக்கு ஒரு பலகை

1. பெரம்பலூர் டவுனில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்த ஆபீஸில் நான் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். ஜப்பானின் வடக்குத் தீவில் இருக்கும் ஒரு கடைக்காக, பனிமலையில் சறுக்கும் பலகையை வாடிக்கையாளருக்குத் தேர்ந்து சொல்லும் வேலை.
2. அந்த ஏழு வருஷத்தில் நான் பனியைப் பார்த்ததில்லை. சேர்ந்த புதிதில் எங்களில் யாருமே பார்த்ததில்லை.
3. எங்களில் ஒருவரை மட்டும் அந்த மலைக்கு அழைத்துப்போய்க் காட்டுவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள்.
4. நான் ஸ்வெட்டர் வாங்கினேன்.
5. இளவரசி போனாள்.
6. பிறகு எங்கள் பிரிவையே மூடினார்கள். சுவரில் ஒரே ஒரு பலகை மிச்சம் இருந்தது. அது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. நான் செய்த கடைசி வேலை அதுதான்.

இதை எழுதச் சொன்னவர்கள் என்னோடு வேலை பார்த்த சின்னப் பெண்கள். அவர்கள் இப்போது திருச்சியில் வாஷிங் மெஷின் புகார்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடையின் இணையதளத்தில் வாடிக்கையாளரே நாலு கட்டத்தை நிரப்பினால் பலகை வந்துவிடுகிறது, நாங்கள் தேவையில்லை. "அக்கா, நாம எப்படித் தேர்ந்தெடுத்தோம்னு எழுதி வைங்க, நாளைக்கு நாங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார்கள். எனக்கு முப்பத்துமூன்று வயது. பிரிவை மூடியதும் கம்பெனியில், சென்னைக்கு வந்தால் வேறு பிரிவில் வேலை தருகிறோம் என்றார்கள், நான் போகவில்லை. அதனால் என் அண்ணன் என்னை "ரிட்டயர்டு மேடம்" என்றுதான் கூப்பிடுகிறான். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

நான் குன்னத்துக்காரி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், இவ்வளவுதான் எங்கள் பக்கம். தோண்டிய வெங்காயத்தைப் பட்டறை என்று நீளமான குவியலாகக் கட்டி வைப்போம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். முடித்ததும் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் ஒப்பந்த வேலை. சிமெண்ட் எவ்வளவு நைசாக இருக்கிறது என்று பார்ப்பேன். ஒப்பந்தம் முடிந்ததும் பெரம்பலூர் வந்தேன். இது தவிர முன்கதை எதுவும் இல்லை.

ஆபீஸில் எங்களுக்கு மேலே இருந்தவர் வரதராஜன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவர் யாரையும் "தப்பு" என்று சொன்னதில்லை. திரையில் நாம் வாடிக்கையாளருக்கு ஏதாவது அபத்தமாக எழுதிக்கொண்டிருந்தால், பின்னால் வந்து நின்று முழுவதும் படிப்பார். பிறகு சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த பலகையை இறக்கித் தரையில் வைப்பார். கடைக்காரர்கள் நாங்கள் பழகுவதற்காக அனுப்பிய மாதிரிப் பலகை அது. "செருப்ப கழட்டிட்டு ஏறி நில்லும்மா" என்பார். நாம் ஏறி நிற்போம். "இப்ப நீதான் அந்த ஆளு. தொண்ணூறு கிலோ. கால் பெருசு. முன்னாடி பள்ளம். சொல்லு, இந்தப் போர்டுல எறங்குவியா?"

டைல்ஸ் தரையில் நின்றுகொண்டு, மேலே ஃபேன் ஓட, முன்னால் இருக்கும் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். "நீ இன்னும் பெரம்பலூர்லயே நிக்கிற" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஒரு மாதம் போனால் சிரிக்க மாட்டார்கள்.

அந்தப் பலகை மேல் யாரும் செருப்புக்காலோடு ஏறக்கூடாது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் வைப்போம். அதன் மூக்கில், அதாவது முன்முனையில், வருஷா வருஷம் ஒரே இடத்தில் வைத்து வைத்து, துடைத்தாலும் போகாத ஒரு சிவப்பு வட்டம் விழுந்திருந்தது.

பலகையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று சறுக்குவது இது. மலையில் மூன்று விதமான இடம் உண்டு. முதலாவது, புதிதாகக் கொட்டிய தூள்பனி. காலை வைத்தால் இடுப்புவரை புதையும். அங்கே பலகை மிதக்க வேண்டும், அதனால் மூக்கு அகலமாகவும் மேல்நோக்கி வளைந்தும் இருப்பது நல்லது. இரண்டாவது, இயந்திரம் வைத்து உருட்டிச் சமமாக்கிய பாதை. சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாக இறுகிக் கிடக்கும். அங்கே பலகையின் ஓரம் பனியைக் கடிக்க வேண்டும். அதற்கு, தரையில் வைத்தால் நடுப்பகுதி லேசாக எழும்பி நிற்கிற பலகை வேண்டும். ஆள் ஏறியதும் அந்த வளைவு அமுங்கி, ஓரம் முழுவதும் தரையில் பதியும். மூன்றாவது, மரங்களுக்கு நடுவே. அங்கே சட்டென்று திரும்ப வேண்டும், அதனால் பலகை குட்டையாகவும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும்.

மிதக்க நீளம் கேட்கும், திரும்பக் குட்டை கேட்கும், கடிக்க விறைப்பு கேட்கும். வாடிக்கையாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பலகை கேட்பார். விமானத்தில் மூன்று பலகை தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? எங்கள் பிரிவு இருந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

சார் எங்களுக்கு ஆறு கேள்விகள் வைத்திருந்தார். இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும்.

எங்கே ஓட்டப்போகிறார்? எடை என்ன? காலணி என்ன அளவு? (பெரிய காலணிக்குக் குறுகலான பலகை கொடுத்தால் திரும்பும்போது கால்விரல் பனியில் உரசி ஆளைக் கவிழ்த்துவிடும்.) எந்தக் கால் முன்னால்? பத்துத் தடவை இறங்கினால் தூளில் எத்தனை, பாதையில் எத்தனை, மரத்துக்குள் எத்தனை? கடைசியாக, எதைக் கண்டால் பயம்?

முதல் கேள்விக்குப் பதில் வராமல் இரண்டாவதற்குப் போகக் கூடாது. "எங்கன்னு தெரியாத ஆளுக்குப் போர்டு கெடையாது. அப்பறமா வாங்கன்னு அனுப்பிரு" என்பார். வியாபாரம் போய்விடுமே சார் என்று ஒருமுறை கேட்டேன். "போவட்டும்மா. செவுத்துல மாட்டுறதுக்கா வாங்குவாங்க?" என்றார்.

ஜப்பானில் எங்களைவிடச் சீக்கிரம் விடிந்துவிடும் என்பதால் எங்கள் ஷிஃப்ட் விடிகாலையில் ஆரம்பிக்கும். குன்னத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். அந்தக் கேள்விகளையும் பலகைகளின் அளவுகளையும் வைத்து நானே ஒரு அட்டவணை போட்டிருந்தேன். எடை ஒரு பக்கம், காலணி ஒரு பக்கம். அதன்படி சொன்னால் பலகை திரும்பி வருவது அபூர்வம். என் பலகைகள்தான் இருப்பதிலேயே குறைவாகத் திரும்பின. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, அடுத்து வருவது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இளவரசி எனக்கு மூன்று வருஷம் கழித்து வந்தாள். இயற்பியல் பட்டதாரி. தா.பழூர் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். மாமன் வீடு ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்புக்காரர்கள். பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வேலைக்கு வந்த முதல் நாளே பலகை மேல் ஏறி நின்று, சார் கேட்பதற்கு முன்னாலேயே, "யப்பா, சரிவா இருக்கு சார்" என்றாள். சார் சிரித்துவிட்டார். சார் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பெயர் பொறாமை என்று அப்போதே எனக்குத் தெரியும். வேறு பெயர் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷக் கார்த்திகையில் கடைக்காரர்களிடமிருந்து செய்தி வந்தது. பொங்கல் கழிந்ததும் எங்களில் ஒருவரை மலைக்கு வரவழைத்து, பலகைகளைச் சோதிப்பவர்களோடு ஒரு வாரம் இருக்க வைப்பார்களாம். யார் என்று சாரிடம் கேட்டு அவர்களே சொல்வார்களாம். ஆபீஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னைத்தான் நினைத்தேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். திருச்சிக்குப் போய்க் கனத்த கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வாங்கினேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "இந்த வெயில்ல இத பாத்தாலே அரிக்குது. பனியில வழுக்கி வுழறதுக்கா இன்ஜினியருக்குப் படிச்ச?" என்றாள்.

அந்த நாட்களில்தான் பல் டாக்டர் வந்தார்.

ஆஸ்திரேலியாவில் பல் மருத்துவர். வருஷம் ஒருமுறை அந்த மலைக்கு வருபவர். ஆள் தொண்ணூறு கிலோவுக்கு மேல், கால் பெரியது. தூளில் மூன்று, பாதையில் மூன்று, மரத்துக்குள் நான்கு என்றார். எதைக் கண்டால் பயம் என்றதற்கு, "என் மனைவியை" என்று எழுதினார். நான் ஆறு கேள்வியும் கேட்டு, அட்டவணையைப் பார்த்து, நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டரில் அகலமான, கொஞ்சம் விறைப்பான பலகையைச் சொன்னேன். அந்த எடைக்கும் அந்தக் காலுக்கும் அட்டவணைப்படி அதுதான். இன்றைக்கு யார் கணக்குப் போட்டாலும் அதுதான் வரும்.

மலைக்குப் போய் இறங்கிய பிறகு எழுதினார். தூளில் அருமை. பாதையில் அருமை. மரத்துக்குள் போனால் திரும்புவதற்குள் மரம் வந்துவிடுகிறது. "இப்போது ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்" என்றார். நான் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தால் தூளில் புதைகிறது என்றார். இன்னும் முன்கூட்டியே திரும்பச் சொன்னேன். எங்கே திரும்புவது என்றார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து இளவரசி எட்டிப் படித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? எந்த மரத்த நெனச்சுக்கிட்டு இதக் குடுத்தீங்க?"

"மரம்னா மரந்தான். எந்த மரம்னா என்ன?"

"இல்லக்கா, கண்ண மூடுனா எந்த மரம் வருது?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கண்ணை மூடினேன். தைலமரம் வந்தது. குன்னத்திலிருந்து அரியலூருக்கு ஆலை வேலைக்குப் போய்வந்தபோது பஸ் ஜன்னலில் தினமும் பார்த்த தைலமரக் காடு. நட்டு வளர்த்தது, அதனால் வரிசை வரிசையாக நிற்கும். கிளை எல்லாம் உச்சியில். இரண்டு வரிசைக்கு நடுவே பார்த்தால் அந்தப் பக்கம் வானம் தெரியும். அந்த இடைவெளியில் நேராகப் போகலாம். நேராகப் போவதற்கு நீளமான, விறைப்பான பலகைதான் சரி.

"தைலமரம்" என்றேன்.

"எனக்கு முந்திரிக்கா. மாமன் தோப்பு. கெள தரையத் தொடும். வரிசையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. கொட்ட பொறுக்கப் போனா குனிஞ்சி, வளஞ்சி, தலமுடிய வுடுவிச்சிக்கிட்டுதான் வரணும். இவரு சொல்றத பாத்தா முந்திரி மாரிதான் இருக்கு."

டாக்டரிடம் கிளைகள் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று கேட்டேன். பனி ஏறி மூடிவிட்டதால் கிளைகள் முகத்துக்கு நேராக இருப்பதாகவும், மரங்கள் இஷ்டத்துக்கு நிற்பதாகவும் சொன்னார். முந்திரிதான்.

நாலு வருஷமாக நான் மரம் என்று படித்த இடத்திலெல்லாம் தைலமரத்தை நட்டு வைத்திருந்தேன். மற்ற வாடிக்கையாளர்கள் மரத்துக்குள் அதிகம் போகாதவர்கள், அதனால் தெரியவில்லை. சார் வைத்த ஆறு கேள்வியில் மரம் எப்படிப்பட்டது என்ற கேள்வி இல்லை. மரம் எல்லோருக்கும் தெரிந்தது என்று நினைத்திருந்தோம்.

சார் வந்து நின்றார். படித்தார். பலகையை இறக்கவில்லை. "இளவரசி, நீ பாரும்மா" என்றார். எனக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியிருந்தது.

அவள் ஐந்து சென்டிமீட்டர் குட்டையான பலகையைச் சொன்னாள். அதே அகலம், வளைந்து கொடுப்பது, மூக்கு நன்றாக எழும்பியது. குட்டையானால் தூளில் அமுங்குமே என்று நான் கேட்டேன். அது நியாயமான கேள்வி.

"பைண்டிங்க பின்னாடி தள்ளிக்கச் சொல்றேன்க்கா." பைண்டிங் என்பது காலணியைப் பலகையோடு பூட்டும் பட்டி. அதைத் திருகிப் பொருத்தப் பலகையில் ஓட்டைகள் இருக்கும், முன்னும் பின்னும் நகர்த்தலாம். "எங்க வூட்டுல பரம்படிக்கறப்ப பாரத்துக்கு என்னத்தான் ஏத்தி வுடுவாங்க. முன்னாடி தள்ளி ஒக்காந்தா பரம்பு சேத்துல மூக்க நுழைச்சிக்கும், நான் மாட்டுக்குப் பின்னாடி போயி வுழுவேன். பின்னாடி தள்ளி ஒக்காந்தா தண்ணி மேல போற மாரி போவும்."

பரம்பு என்பது நடவுக்கு முன் சேற்று வயலைச் சமப்படுத்த இழுக்கும் கனமான கட்டை. நாங்கள் புன்செய்க்காரர்கள். எங்கள் ஊரில் பரம்படித்து நான் பார்த்ததில்லை. அவளுக்குச் சேறும் இருந்தது, முந்திரியும் இருந்தது. எனக்குக் கரிசலும் தைலமரமும் சிமெண்ட் தூசியும்தான் வாய்த்தன. ஒருத்தி பிறந்த ஊர்மேல் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் பலகையை மாற்றிக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும் கடைக்கு நீளமாக ஒரு பாராட்டு எழுதினார். அதில் இளவரசி என்ற பெயரை நாலு இடத்தில் நாலு விதமாக எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார். ஒழுங்கான பலகை வாங்கிப்போய் ஒழுங்காக ஓட்டிய என் வாடிக்கையாளர்கள் யாரும் எழுதவில்லை. ஒழுங்காக இருந்தால் யார் எழுதுவார்கள்?

மார்கழியில் சார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "இளவரசி போறா." என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "அடுத்த வருஷம் இன்னொருத்தர அனுப்புறேன்னு சொல்லியிருக்காங்க" என்றார். அடுத்த வருஷம் யாரையும் அனுப்பவில்லை.

நான் கைகொடுத்தேன். அன்று சாயங்காலம் அவள் என் இடத்துக்கு வந்தாள். தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, உங்ககிட்ட நல்ல ஸ்வெட்டர் இருக்காம்ல?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

கொடுத்தேன். ஒரு வாரம் என் ஸ்வெட்டர் பனியில் இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது மாசி வெயில் தொடங்கிவிட்டது. முகமெல்லாம் பனி வெயிலில் கறுத்து, கண்ணாடி மறைத்திருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. "என்னடி, ஆந்த மாரி வந்து நிக்கிற?" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். விழுந்து விழுந்து உட்கார முடியவில்லை என்று தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஆந்தைக் கண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. தலையணையைப் பார்த்தும்தான்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டேன். நடந்தால் பனி நறநறவென்று சத்தம் போடுமாம். மரத்துக்குள் இறங்கும்போது மட்டும் ஒரு சத்தமும் இருக்காதாம். மரத்தின் அடியைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக இருக்குமாம், அதில் தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாதாம். அதனால் தனியாக யாரையும் மரத்துக்குள் விட மாட்டார்களாம், கழுத்தில் விசில் மாட்டிவிட்டார்களாம். அன்றிலிருந்து மரத்துக்குள் போகும் வாடிக்கையாளர் எல்லோருக்கும் நாங்கள் இதைச் சொன்னோம். நானும் சொன்னேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் சில சமயம், "நீங்கள் இந்தப் பலகையை ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். என் பதில் எப்போதும் "பொதுவாக" என்று ஆரம்பிக்கும். அவள் பதில் "நான் அங்கே" என்று ஆரம்பிக்கும். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். கேட்பார் இல்லை.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. நாங்கள் சண்டை போடவில்லை. ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். என் அட்டவணையில் மரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். "தைலமா, முந்திரியா?" என்று நாற்காலிக்கு நாற்காலி கத்திக் கேட்டுக்கொள்வது ஆபீஸ் வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர் யாருக்கும் அது என்னவென்று கடைசிவரை தெரியாது.

பிறகு இணையதளத்தில் அந்தக் கட்டங்கள் வந்தன. திறந்து பார்த்தேன். எடை, காலணி, எந்தக் கால், எத்தனை தடவை எங்கே. பயம் இல்லை. மரம் இல்லை. ஒரு மாதத்தில் எங்கள் பிரிவை மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அதே வாரத்தில், மலைக் கடையிலேயே பனிக்காலம் முழுவதும் இருந்து பலகை பொருத்திக் கொடுக்கும் வேலைக்கு இளவரசியைக் கூப்பிட்டார்கள். விசா ஏற்பாடெல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி நாள். மேசைகளைக் காலி செய்துவிட்டோம். சுவரில் பலகை மட்டும் இருந்தது. கடைக்காரர்கள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. உங்களில் யாராவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

"சங்கீதாக்காவுக்குத்தான் சார். சீனியர்" என்றாள் ஒருத்தி.

"இளவரசிதான சார் பனிக்குப் போறா?" என்றாள் இன்னொருத்தி.

எனக்கு அது வேண்டும். ஏழு வருஷம் அதன்மேல் ஏறி நின்று தொண்ணூறு கிலோ ஆளாக, பதினாறு வயசுப் பையனாக, முழங்கால் வலிக்காரியாக இருந்திருக்கிறேன். பனி கிடைக்கவில்லை, பலகையாவது கிடைக்கட்டும் என்று இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"நம்ம மொறைப்படி பாத்துருவோம்" என்றார் சார். பலகையை இறக்கித் தரையில் வைத்தார். "சங்கீதா, நீயே கேளும்மா."

நான் இளவரசியிடம் வரிசையாகக் கேட்டேன். எங்கே? மலையின் பெயரைச் சொன்னாள். எடை? ஐம்பத்தாறு. காலணி? என்னைவிட ஒரு அளவு சின்னது. எந்தக் கால் முன்னால்? இடது. எத்தனை தடவை எங்கே? "வேல முடிஞ்சப்பறம்தான்க்கா. அதனால பாதையில அஞ்சு, மரத்துல மூணு, தூள்ல ரெண்டு." எதைக் கண்டால் பயம்?

"அங்க தனியா இருக்கணும்ல" என்றாள்.

பலகை நூற்று நாற்பத்தொன்பது. நடு எழும்பி முனைகள் மேல்நோக்கி வளைந்தது. நடுத்தர விறைப்பு. அவள் எடைக்கு, அவள் காலுக்கு, அவள் சொன்ன மூன்று இடத்துக்கும் அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

"இப்ப நீ" என்றார் சார் என்னிடம். "எங்க ஓட்டப்போற?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குன்னத்துல சார்" என்றேன்.

"அக்கா, வெங்காயப் பட்டற மேலேருந்தா எறங்குவீங்க?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சார் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி கேட்கவும் இல்லை. முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் இரண்டாவதற்குப் போக மாட்டார்.

"இளவரசிக்குத்தான் சார் பொருந்துது" என்றேன்.

இளவரசி என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்களே வச்சுக்குங்க. அங்க கடையில எனக்கு வேற குடுப்பாங்க."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பனியும் அவளிடம், பெரிய மனசும் அவளிடமா?

"யாருக்குப் பொருந்தும்னுதான் கேட்டாங்க. யாருக்கு வேணும்னு கேக்கல" என்றேன். "எடுத்துட்டுப் போ."

பலகையை நான்தான் கட்டினேன். ஓரத்து இரும்புப் பட்டை யாரையும் கிழிக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றினேன். அதன்மேல் போர்வை. மூக்கில் இருந்த குங்கும வட்டத்தைத் துடைக்க வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன். திருச்சி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் அதை நிறுத்தி வைத்தோம். கண்டக்டர், "என்னங்க இது, கதவா?" என்றார்.

இந்தத் தை மாதம் இளவரசி ஒரு படம் அனுப்பினாள். மரங்களுக்கு நடுவே நிற்கிறாள், கழுத்தில் விசில். கிளைகள் தோளைத் தொடுகின்றன. படத்தைப் பெரிதாக்கி நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, பைண்டிங்கை. நடு ஓட்டையிலேயே பூட்டியிருந்தாள். பரம்பு பற்றி எனக்குச் சொன்னவள் தன் பலகைக்கு அதைச் செய்யவில்லை.

"தூள்ல மூக்கு அமுங்குதா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா! பின்கால் செம வலி. எப்படித் தெரியும்?"

"ரெண்டு பைண்டிங்கையும் ஒரு ஓட்டை பின்னாடி தள்ளு."

மறுநாள் பதில் வந்தது. "மூக்கு எந்திரிச்சிருச்சுக்கா. தண்ணி மேல போற மாரி போவுது."

நான் கேட்காமலேயே இன்னொரு வரியும் எழுதியிருந்தாள். கடையில் மேலும் ஒரு ஆள் தேவைப்படலாம், என் பெயரைச் சொல்லியிருக்கிறாளாம்.

இப்போதைய நிலை இது. பலகை அங்கே இருக்கிறது, சரியாக ஓடுகிறது. கடையிலிருந்து எனக்கு இன்னும் எதுவும் வரவில்லை. என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும் இல்லை. ஸ்வெட்டரைத் துவைத்து பீரோவில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். நான் குன்னத்தில் இருக்கிறேன். அவள்மேல் எனக்குப் பொறாமை குறையவில்லை.